ரிசீவருக்குச் சேனல் தெரியுமா?
அதி அகலப்பட்டை ரேடியோவில் சேனல் மதிப்பீட்டுப் பிழைகள்



தகவல் தொடர்புப் பாடத்தில் ஒரு வரி அடிக்கடி நம் கண்ணில் படும். ரிசீவருக்குச் சேனல் முழுவதும் தெரியும் என்று வைத்துக்கொள்வோம் என்பதுதான் அது. அதைப் படித்துவிட்டு, அடியில் வரும் சூத்திரத்தை உருப்போட்டு, பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கிவிடுகிறோம். ரிசீவருக்கு யார் சொல்லித் தெரிந்தது, எந்த அளவுக்குச் சரியாகத் தெரிந்தது என்று நாம் கேட்பதில்லை. சாதாரண ரேடியோவில் இந்தக் கேள்வியைத் தள்ளிப் போட்டாலும் பிழைத்துக்கொள்ளலாம். அதி அகலப்பட்டை ரேடியோவில், அதாவது அல்ட்ரா வைட்பேண்டில், முடியாது. ஏன் முடியாது, தள்ளிப் போட்டால் என்ன நஷ்டம் என்பதைக் கணக்கோடு பார்ப்பதுதான் இந்தக் கட்டுரை. கூட்டல், பெருக்கல், வகுத்தல் தெரிந்தால் போதும். பயப்பட வேண்டாம்.

1. அதி அகலப்பட்டை என்றால் என்ன?

பண்பலை வானொலி நிலையம் ஒன்று சுமார் 200 கிலோஹெர்ட்ஸ் அகலத்துக்குள் தன் வேலையை முடித்துக்கொள்கிறது. இங்கே கதை வேறு. அமெரிக்காவின் தகவல் தொடர்பு ஆணையம் 2002 பிப்ரவரியில் ஒரு விதி கொண்டுவந்தது. 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை, மொத்தம் 7.5 கிகாஹெர்ட்ஸ் அகலத்தை உரிமம் இல்லாமல் பயன்படுத்தலாம் என்றது. சிக்னலின் அகலம் குறைந்தது 500 மெகாஹெர்ட்ஸ் இருக்க வேண்டும், அல்லது மைய அதிர்வெண்ணில் 20 சதவீதமாவது இருக்க வேண்டும்.

இவ்வளவு இடத்தைச் சும்மா கொடுப்பார்களா? ஒரு கட்டுப்பாடும் போட்டார்கள். ஒவ்வொரு மெகாஹெர்ட்ஸிலும் -41.3 டிபிஎம் அளவுக்கு மேல் சக்தி வெளியே போகக்கூடாது. கணக்குப் போட்டால் அது மெகாஹெர்ட்ஸுக்கு சுமார் 74 நானோவாட். 7500 மெகாஹெர்ட்ஸ் முழுவதையும் நிரப்பினாலும் மொத்தம் 0.56 மில்லிவாட்தான் வரும். ஒரு சின்ன எல்இடி விளக்கு இதைவிடப் பல மடங்கு சக்தியை விழுங்கும். ஆக, இடம் தாராளம், சக்தி கஞ்சத்தனம். இந்த இரண்டும் சேர்ந்துதான் சேனல் மதிப்பீட்டைக் கஷ்டமாக்குகின்றன.

2. சேனல் என்பது உண்மையில் என்ன?

கோயில் திருவிழாவில் தெருவுக்குத் தெரு குழாய் ஸ்பீக்கர் கட்டியிருப்பார்கள். பாட்டு ஒன்றுதான். ஆனால் பக்கத்துக் குழாயிலிருந்து முதலில் கேட்கும், எதிர்த்தெருக் குழாயிலிருந்து கொஞ்சம் தாமதமாகக் கேட்கும், தூரத்துக் குழாயிலிருந்து மெலிதாக இன்னும் தாமதமாகக் கேட்கும். நம் காதுக்கு வந்து சேருவது இவை எல்லாவற்றின் கூட்டு.

ரேடியோவிலும் அப்படியே. அனுப்பும் துடிப்பு நேராக ஒரு வழியில் வரும். சுவரில் பட்டு ஒரு வழி, இரும்பு பீரோவில் பட்டு ஒரு வழி, கூரையில் பட்டு இன்னொரு வழி. ஒவ்வொரு பாதைக்கும் ஒரு தாமதம், ஒரு வலிமை, ஒரு குறி. எதிரொலித்தால் கூட்டல் கழித்தலாகக்கூட மாறிவிடும். இந்தப் பட்டியல்தான் சேனல். பட்டியலைத் தயாரிக்கும் வேலைக்குத்தான் சேனல் மதிப்பீடு என்று பெயர்.

குறுகிய பட்டை ரேடியோவில் துடிப்பு நீளமானது. ஆகையால் எல்லாப் பாதைகளும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒரே எண்ணாகிவிடும். அந்த ஓர் எண்ணைக் கண்டுபிடித்தால் போதும். 500 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள துடிப்போ சுமார் 2 நானோ வினாடிதான் நீளம். ஒளி 1 நானோ வினாடியில் 30 சென்டிமீட்டர் போகும். ஆகவே நீளத்தில் 60 சென்டிமீட்டர் வித்தியாசம் இருந்தாலே இரண்டு பாதைகளும் தனித்தனியாகத் தெரியும். ஒரு சாதாரண அறைக்குள்ளேயே பத்து, இருபது, நூறு பாதைகள் பிரிந்து நிற்கும்.

இதற்கு அளவெடுத்த மாதிரிகள் உண்டு. சலே, வலென்சுவேலா என்ற இருவர் 1987-இல் கட்டடத்துக்குள் அலை பரவும் விதத்துக்கு ஒரு மாதிரி கொடுத்தார்கள். பாதைகள் தனித்தனியாக வராமல் கொத்துக் கொத்தாக வரும் என்பது அதன் சாரம். ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பின் 802.15.3ஏ குழு அதைத் திருத்தி 2003-இல் நான்கு மாதிரிச் சேனல்களைத் தந்தது. முதல் மாதிரியில் 4 மீட்டருக்குள் நேர்ப்பார்வை உண்டு, தாமதப் பரவல் சுமார் 5 நானோ வினாடி. நான்காவது மிக மோசமானது, பரவல் 25 நானோ வினாடி. ஆற்றலில் 85 சதவீதத்தைப் பிடிக்க முதல் மாதிரியில் சுமார் 24 பாதைகள் வேண்டும். நான்காவதில் நூறையும் தாண்டிவிடும். அனுப்பியதே 0.56 மில்லிவாட்டுக்குள். அது நூறு துண்டாகப் பிரிந்து வந்தால் ஒவ்வொரு துண்டும் இரைச்சலுக்குள் மூழ்கிக் கிடக்கும். அதை அளந்து எழுதச் சொன்னால் பிழை வராமல் என்ன செய்யும்?

3. மதிப்பீடு எப்படி நடக்கிறது?

முறை எளிது. அனுப்புபவர் முதலில் இரு தரப்புக்கும் தெரிந்த சில துடிப்புகளை அனுப்புவார். இவை பைலட் துடிப்புகள். ரிசீவர் ஒவ்வொரு தாமதத்திலும் வந்ததை, அனுப்பியதால் வகுத்துப் பாதையின் வலிமையைக் கண்டுபிடிக்கிறது. வந்ததில் இரைச்சலும் கலந்திருப்பதால் விடையிலும் இரைச்சல் இருக்கும்.

இயற்பியல் லேபில் ஸ்க்ரூ கேஜ் வைத்துக் கம்பியின் தடிமனை ஐந்து இடத்தில் அளந்து சராசரி எடுக்கிறோம் அல்லவா? அதே வித்தைதான் இங்கேயும். பைலட்டை நான்கு தடவை அனுப்பிச் சராசரி எடுத்தால் பிழையின் ஆற்றல் நாலில் ஒன்றாகும். இருபது தடவை என்றால் இருபதில் ஒன்று. ஆனால் ஒருபோதும் பூஜ்யமாகாது.

4. ரேக் ரிசீவரும் ஒரு சின்னக் கணக்கும்

பிரைஸ், கிரீன் என்ற இருவர் 1958-இல் ரேக் ரிசீவரை வெளியிட்டார்கள். இலை தழைகளை வாரிக் கூட்டும் பல் வைத்த கருவிக்கு ஆங்கிலத்தில் ரேக் என்று பெயர். அதேபோல இந்த ரிசீவருக்குப் பல விரல்கள். ஒவ்வொரு விரலும் ஒரு பாதையைப் பிடித்து, அந்தப் பாதையின் வலிமையால் பெருக்கிக் கூட்டுகிறது. வலுவான பாதைக்கு அதிக மதிப்பு, மெலிந்த பாதைக்குக் குறைந்த மதிப்பு. விரல் கூடக்கூட ஆற்றல் கூடும். ஆகவே எத்தனை விரல் வைக்க முடியுமோ அத்தனையும் வைப்பதே நல்லது என்று தோன்றும். சேனல் சரியாகத் தெரிந்தால் அது உண்மையும்கூட. தெரியாவிட்டால்?

கணக்கைப் பார்ப்போம். ஒரு விரலில் வருவது: உண்மை வலிமை × பிட், கூட்டல் இரைச்சல். நாம் பெருக்குவது: உண்மை வலிமை கூட்டல் மதிப்பீட்டுப் பிழை. இரண்டையும் பெருக்கினால் நான்கு உறுப்புகள் வரும்.

(அ) வலிமை × வலிமை. நமக்கு வேண்டியது.
(ஆ) வலிமை × இரைச்சல். சேனல் சரியாகத் தெரிந்தாலும் வருவது.
(இ) பிழை × வலிமை. மதிப்பீட்டால் வரும் புதுத் தொல்லை.
(ஈ) பிழை × இரைச்சல். இதுதான் மறைந்திருக்கும் திருடன். பாதையே இல்லாத இடத்தில் விரல் வைத்தாலும் இது வரும்.

ஆகவே சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம்:

பிடித்த ஆற்றலின் வர்க்கம் ÷ [(இரைச்சல் + பிழை) × பிடித்த ஆற்றல் + விரல்களின் எண்ணிக்கை × இரைச்சல் × பிழை]

இங்கே இரைச்சல், பிழை என்பவை அவற்றின் ஆற்றல் அளவுகள். இப்போது எண்களைப் போடுவோம். ஐந்து பாதைகள், வலிமை 0.8, 0.5, 0.3, 0.1, 0.1. வர்க்கம் எடுத்தால் ஆற்றல் 0.64, 0.25, 0.09, 0.01, 0.01. மொத்தம் 1.00. ஒரு விரலின் இரைச்சல் 0.2. பைலட் 4. ஆகவே பிழை 0.2 ÷ 4 = 0.05.

1 விரல்: சரியாகத் தெரிந்தால் 3.20, பிழையோடு 2.41
2 விரல்: சரியாகத் தெரிந்தால் 4.45, பிழையோடு 3.27
3 விரல்: சரியாகத் தெரிந்தால் 4.90, பிழையோடு 3.49
4 விரல்: சரியாகத் தெரிந்தால் 4.95, பிழையோடு 3.41
5 விரல்: சரியாகத் தெரிந்தால் 5.00, பிழையோடு 3.33

முதல் வரிசை ஏறிக்கொண்டே போகிறது. இரண்டாவது மூன்று விரலோடு உச்சிக்குப் போய் இறங்குகிறது. நான்காம், ஐந்தாம் பாதைகள் கொண்டுவரும் ஆற்றல் 0.01 மட்டுமே. அவற்றை அளப்பதில் வரும் பிழையோ 0.05. வரவு ஒரு பங்கு, செலவு ஐந்து பங்கு. அந்தப் பாதைகளை விட்டுவிடுவதே லாபம்.

இன்னும் ஒரு படி போவோம். பாதை எங்கே இருக்கிறது என்று தெரியாமல் 20 விரலையும் வரிசையாக வைத்துவிட்டோம் என்று கொள்ளுங்கள். ஐந்தில் பாதை, பதினைந்தில் வெறும் இரைச்சல். விடை 1 ÷ (0.25 + 0.20) = 2.22. ஒரே ஒரு விரல் வைத்தவனுக்கு 2.41 கிடைத்தது! இருபது விரல்காரன் ஒற்றை விரல்காரனிடம் தோற்றுவிட்டான். விரல் அதிகமாக வைப்பது கெட்டிக்காரத்தனம் இல்லை, எங்கே வைக்கக்கூடாது என்று தெரிவதுதான் கெட்டிக்காரத்தனம்.

5. அப்படியானால் பைலட்டைக் கூட்டிவிடலாமே?

கூட்டலாம். பைலட் 20 ஆனால் பிழை 0.01. அப்போது 3 விரலுக்கு 4.53, 5 விரலுக்கு 4.55. மெலிந்த பாதைகளும் இப்போது பிரயோஜனப்படுகின்றன. பைலட் 40 ஆனால் 5 விரலுக்கு 4.76.

ஆனால் பைலட் இனாமாக வருவதில்லை. மொத்தம் 100 துடிப்புதான் அனுப்பலாம் என்று வைத்துக்கொண்டால், பைலட் போக மீதிதான் தகவலுக்கு. 4-இலிருந்து 20-க்குப் போனபோது தகவல் துடிப்பு 96-இலிருந்து 80 ஆனது, ஆறில் ஒரு பங்கு போச்சு. கிடைத்த லாபம் 30 சதவீதம். பரவாயில்லை. 20-இலிருந்து 40-க்குப் போனால் தகவல் 80-இலிருந்து 60, கால் பங்கு காலி. லாபம் வெறும் 5 சதவீதம். இது கட்டுப்படியாகாத வியாபாரம்.

பல துணை அலைகளைப் பயன்படுத்தும் முறையிலும் இதே கதைதான். 2005 டிசம்பரில் வெளியான எக்மா-368 தரத்தில் 528 மெகாஹெர்ட்ஸ் பட்டையை 128 துணை அலைகளாகப் பிரிக்கிறார்கள். ஒவ்வொன்றுக்கும் 4.125 மெகாஹெர்ட்ஸ் இடைவெளி. முன்னுரையில் சேனல் மதிப்பீட்டுக்கு என்று 6 குறியீடுகள். மூன்று பட்டைகளில் மாறி மாறித் தாவினால் பட்டைக்கு 2 குறியீடுதான் கிடைக்கும். சராசரி எடுக்கும் எண்ணிக்கைக்கு ஏற்ப நஷ்டம் எவ்வளவு? சிக்னல் ஓரளவு நன்றாக இருக்கும்போது மொத்த இரைச்சல் 1 + 1/எண்ணிக்கை மடங்காகிறது.

1 குறியீடு: 3.01 டெசிபல் நஷ்டம்
2 குறியீடு: 1.76 டெசிபல்
4 குறியீடு: 0.97 டெசிபல்
8 குறியீடு: 0.51 டெசிபல்

பக்கத்துப் பக்கத்துத் துணை அலைகளின் சேனல் திடீரென்று மாறாது. ஆகவே அக்கம்பக்கத்து மதிப்புகளையும் சேர்த்து மென்மையாக்கினால், பைலட் கூட்டாமலேயே பிழையைக் குறைக்கலாம். தாமதப் பரவல் அதிகமுள்ள இடத்தில் இந்த மென்மையாக்கலே புதுப் பிழையாகிவிடும். அளவோடு செய்ய வேண்டும்.

6. இரைச்சல் மட்டும்தான் காரணமா?

இல்லை. இன்னும் நான்கு காரணங்கள்.

கடிகாரம்: இரண்டு கருவிகளின் கிரிஸ்டல்களும் ஒரே வேகத்தில் ஓடாது. 802.15.4ஏ தரம் ஒவ்வொரு பக்கமும் பத்து லட்சத்தில் 20 பங்கு வரை பிசகை அனுமதிக்கிறது. இரண்டும் எதிரெதிராகப் போனால் 40 பங்கு. அந்தத் தரத்தில் முன்னுரைக் குறியீட்டை 16, 64, 1024, 4096 என்று திருப்பித் திருப்பி அனுப்பலாம். ஒரு குறியீடு சுமார் 1 மைக்ரோ வினாடி. 1024 குறியீட்டின் சராசரி எடுத்தால் 30 டெசிபல் லாபம் என்று சந்தோஷப்படுவோம். ஆனால் அந்த 1 மில்லி வினாடிக்குள் கடிகாரம் 40 நானோ வினாடி நழுவிவிடும். தூரத்தில் அது 12 மீட்டர். துடிப்பே 2 நானோ வினாடிதான்! கடிகாரப் பிசகைத் திருத்தாமல் எடுக்கும் சராசரி, கை நடுங்க எடுத்த போட்டோ மாதிரி மங்கிப் போகும்.

மாதிரி எடுக்கும் இடம்: பாதை நம் கட்டத்துக்குள் சரியாக விழும் என்று சட்டம் இல்லை. இரண்டு மாதிரிப் புள்ளிக்கு நடுவில் விழுந்தால் ஒரே பாதை இரண்டு மெலிந்த பாதைகளாகத் தெரியும்.

துடிப்பின் உருமாற்றம்: சுவரைத் துளைத்து வரும் துடிப்பும், மூலையில் வளைந்து வரும் துடிப்பும், ஆன்டெனாவின் பக்கவாட்டில் புறப்பட்ட துடிப்பும் ஒரே உருவத்தில் வருவதில்லை. நாம் ஒரே அச்சை வைத்து ஒப்பிட்டால் எவ்வளவு பைலட் அனுப்பினாலும் இந்தப் பிழை தீராது.

அண்டை வீட்டுத் தொல்லை: 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இதே பட்டைக்குள் உட்கார்ந்திருக்கிறது. அதன் சக்தி நம் சக்தியைவிடப் பல மடங்கு. வடிகட்டாவிட்டால் அதையும் ஒரு பாதை என்று நம் மதிப்பீடு நம்பிவிடும்.

இவ்வளவு தொல்லை எதற்கு, மதிப்பீடே வேண்டாம் என்று சொன்னவர்களும் உண்டு. ஒவ்வொரு தகவல் துடிப்புக்கும் முன்னால் ஒரு மாதிரித் துடிப்பு அனுப்பு, வந்த இரண்டையும் அப்படியே பெருக்கிக் கூட்டு என்பது அவர்கள் வழி. சுற்று எளிதாகும். ஆனால் பாதி ஆற்றல் மாதிரித் துடிப்புக்கே போய்விடும். இரைச்சலை இரைச்சலால் பெருக்கும் அந்த (ஈ) உறுப்பும் விடாமல் பின்தொடரும்.

7. பிழையால் பிட் மட்டும்தான் போகுமா?

இதுதான் நாம் கவனிக்க வேண்டிய இடம். 2019-க்குப் பிறகு செல்போன்களில் வந்த அதி அகலப்பட்டைச் சில்லுகள் பெரும்பாலும் பாட்டும் படமும் அனுப்ப வந்தவை அல்ல. தூரம் அளக்க வந்தவை. கார் கதவைத் திறக்கும் சாவி, தொலைந்த பையைத் தேடும் பில்லை, இவற்றில் முதல் பாதை எப்போது வந்தது என்பதே முக்கியம். ஏனென்றால் நேராக வருவது அதுதான்.

முதல் பாதை பலமான பாதையாக இருக்க வேண்டும் என்று அவசியம் இல்லை. நடுவில் ஒரு ஆள் நின்றாலே நேர்ப்பாதை மெலிந்துவிடும். 10 நானோ வினாடி கழித்துச் சுவரில் பட்டு வந்தது பலமாக இருக்கும். அதை முதல் பாதை என்று எடுத்தால் தூரத்தில் 3 மீட்டர் பிழை. சரி, மெலிந்ததையும் விடாமல் பிடிக்கலாம் என்று வரம்பைத் தாழ்த்தினால், முன்னால் வரும் இரைச்சல் மேட்டைப் பாதை என்று எடுத்துக்கொள்ளும். அப்போது கருவி உண்மையைவிட அருகில் இருப்பதாகத் தெரியும். உயர்த்தினால் ஒரு தப்பு, தாழ்த்தினால் இன்னொரு தப்பு.

இந்த இரண்டாவது தப்பு விளையாட்டல்ல. 2020-இல் வந்த 802.15.4இசட் தரம், யாரும் ஊகிக்க முடியாத ரகசியத் துடிப்பு வரிசையைச் சேர்த்தது. அந்த வரிசை தெரியாதவன் தூரத்தை ஏமாற்ற முடியாது என்பது எண்ணம். ஆனால் 2022-இல் ஆராய்ச்சியாளர்கள் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ரகசிய வரிசை தெரியாமலேயே, சரியான நேரத்தில் ஒரு பலமான சிக்னலைத் திணித்தார்கள். மெலிந்த முதல் பாதையைத் தேடிய ரிசீவருக்குள் ஒரு பொய் மேடு எழும்பியது. 12 மீட்டர் தள்ளியிருந்த கருவி 0 மீட்டரில் இருப்பதாகக் காட்டியது. நூறு முயற்சிக்கு நான்கு வரைதான் பலித்தது. ஆனால் பூட்டைத் திறக்க ஒரு தடவை பலித்தால் போதாதா? ரகசியக் குறியீடு கெட்டியாகத்தான் இருந்தது. ஏமாந்தது சேனல் மதிப்பீடு.

8. நாம் என்ன செய்யலாம்?

ப்ராஜெக்ட் செய்யும் நண்பர்களும், அடுத்த ஆண்டு செய்யப்போகும் தம்பி தங்கைகளும் மேட்லாபில் ஒரு பிட் பிழை வளைகோடு வரைவீர்கள். வரைந்ததும் இந்த நான்கு கேள்விகளைக் கேட்டுப் பாருங்கள்.

ஒன்று: ரிசீவருக்குச் சேனல் எங்கிருந்து கிடைத்தது? புரோகிராமின் மேலே உருவாக்கிய அதே எண்களைக் கீழேயும் பயன்படுத்தியிருந்தால், விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சை எழுதியதாக அர்த்தம்.

இரண்டு: பைலட்டுக்குச் செலவான சக்தியைக் கணக்கில் கழித்தோமா?

மூன்று: விரல் எண்ணிக்கையை 1, 2, 3 என்று மாற்றிப் பார்த்தோமா? வளைகோடு ஏறிக்கொண்டே போனால் சந்தேகப்படுங்கள். உண்மையான மதிப்பீட்டில் ஒரு இடத்தில் அது திரும்பி இறங்க வேண்டும்.

நான்கு: கடிகாரப் பிசகைச் சேர்த்தோமா?

மேலே கொடுத்த ஐந்து பாதைக் கணக்கைக் கால்குலேட்டரில் ஒரு தடவை நீங்களே போட்டுப் பாருங்கள், பத்து நிமிஷம்தான் ஆகும். பிறகு இரைச்சலை 0.2-இலிருந்து 0.4 ஆக்கி, அதே 4 பைலட்டோடு எத்தனை விரலில் உச்சி வருகிறது என்று கண்டுபிடியுங்கள். விடையை இங்கே எழுதவில்லை. வைவாவில் இந்தக் கேள்வி வந்தால், வைத்துக்கொள்வோம் என்று சொல்லாமல், அளந்து பார்த்தோம் என்று சொல்லும் தைரியம் அப்போது உங்களுக்கு வரும்.